வலி தெரியாத பாதங்கள்: திருவேங்கடம் வட்டாரத்து உழைப்பாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவேங்கடம் வட்டாரத்தில் சீனி வியாதியோடு உழைத்து வாழும் அண்ணாச்சிமார்களுக்கும், தாய்மார்களுக்கும், அவர்களைப் பேணி வரும் மக்கள் மருமக்களுக்கும்:

உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளைகின்ற இந்தக் கரிசல் பூமியில், விடியுமுன்னே காட்டுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகின்றவர்களும், தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் வேனேறிச் சென்று நாள் முழுதும் தரையில் குந்தியிருந்து உழைக்கின்றவர்களுமாகிய நீங்கள், சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கவும், காப்பியில் சீனியைக் குறைக்கவும், மாதம் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் பழகிக்கொண்டீர்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும், அந்த வியாதி எந்த அவயவத்தில் அதிக ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறதோ அந்த அவயவத்தை, அதாவது உங்கள் இரு பாதங்களை, அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பாதம் வலிக்கவில்லை, ஆகவே பாதம் நலமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணத்தை உங்கள் மனத்திலிருந்து அகற்ற வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன்தான் இம்மடலை எழுதுகிறேன். சீனி வியாதி உள்ளவருக்கு வலியின்மை ஆரோக்கியத்தின் லட்சணம் ஆகாது. பல சமயங்களில் அதுவே அபாயத்தின் முதல் அறிகுறி.

மூளை மண்டையோட்டுக்குள் அடங்கிய ஒன்று என்று நாம் நினைத்தாலும், அதன் ஆட்சி முதுகுத்தண்டின் வழியாக இறங்கி, நரம்புகளாகக் கிளைத்து, கால் பெருவிரலின் நுனி வரையில் பரவியிருக்கிறது. இடுப்புக்கு அருகே முதுகுத்தண்டையொட்டித் தோன்றிப் பெருவிரலில் முடியும் ஒரு நரம்பணு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையாக இருந்தும், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் உடையது. அத்தனை நீள இழையைப் போஷிக்க வேண்டிய சத்துகள் யாவும் அணுவின் மையத்திலிருந்து புறப்பட்டு நுனி வரை போய்ச் சேர வேண்டும். வழிநெடுகிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதற்குப் பிராணவாயுவைத் தந்துகொண்டிருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், அந்த நுண்குழாய்களும் கெடுகின்றன, இழையும் கெடுகிறது. கிணற்றில் நீர் குறைந்த கோடையில் வாய்க்காலின் கடைசிப் பாத்தி முதலில் வாடுவது எவ்வாறோ, அவ்வாறே மிக நீண்ட நரம்பின் கடைசி நுனி முதலில் வாடுகிறது. ஆகையால்தான் மதமதப்பு பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்கி, காலுறை அணிந்த அளவாக மேலேறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களிலும் தோன்றுகிறது.

இந்த வாட்டத்தின் ஆரம்பத்தில் நரம்பு மௌனமாக இருப்பதில்லை. இரவில் பாயில் படுத்தபின் உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற சுருக்கு, போர்வை பட்டாலும் பொறுக்காத கூச்சம் என்று முறையிடுகிறது. அந்த எரிச்சலுக்காக வைத்தியரிடம் போகின்றவர்கள் உண்டு. ஆனால் சில ஆண்டுகள் கழிந்து எரிச்சல் தானாகவே ஓய்ந்துவிட்டால், குணமாகிவிட்டது என்று மகிழ்ந்து, போவதை நிறுத்திவிடுகின்றவர்களும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வந்து எரிச்சல் தணிவது நல்லதே. ஆனால் எரிச்சலோடு ஸ்பரிச உணர்ச்சியும் சேர்ந்து போயிருக்குமானால், முறையிட்டுக்கொண்டிருந்த நரம்பு பேச்சற்றுப் போயிற்று என்பதே அதற்குப் பொருள்.

பாதத்திற்குச் செல்லும் நரம்புகள் தொடுவுணர்ச்சியை மட்டும் சுமப்பவை அல்ல. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவதும் நரம்பே. அது கெட்டால் பாதம் வியர்க்காமல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளக்கிறது. பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகளை இயக்குவதும் நரம்பே. அது கெட்டால் அத்தசைகள் மெலிந்து, விரல்கள் வளைந்து மடங்கி, பாதத்தின் பாரம் விரலடிமேட்டில் ஓரிடத்தில் குவிகிறது. குவிந்த இடத்தில் காய்ப்பும் ஆணியும் ஏற்படுகின்றன; காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. இத்தனையும் நிகழும்போது எச்சரிக்க வேண்டிய உணர்ச்சி நரம்பும் ஊமையாகிவிட்டபடியால், அந்தப் புண்ணின் மீதே மனிதர் நடந்துகொண்டிருக்கிறார். வறட்சி, வளைவு, மரத்துப்போதல் என்ற இம்மூன்றும் ஒன்றுகூடித்தான் பல கால்களை அழிக்கின்றன. சர்க்கரை தன்னளவில் சதையை அழுகச் செய்துவிடுகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்ல நேர்ந்தது.

இதே போன்ற தவறான நம்பிக்கையொன்று தொழுநோயைப் பற்றி உலகம் முழுவதிலும் பன்னெடுங்காலம் நிலவியிருந்தது. அதைத் தகர்த்தது நம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஆராய்ச்சி என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஆங்கிலப் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்து, மலைப்பிள்ளைகளோடு வளர்ந்து, பின்பு இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை கற்ற டாக்டர் பால் பிராண்ட், 1946இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் இறுகிய ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்திப் பிடிக்கும்படி கேட்டார். சக்தியற்றது என்று பிராண்ட் கருதியிருந்த அக்கை, அவர் கை வலியெடுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. அழுகிக் கெட்ட கையாயின் இத்தனை வலு எங்கிருந்து வந்தது? சில தசைகள் செத்திருக்க மற்றவை முழு வலுவோடு இருப்பதற்குக் காரணம் என்ன? அந்தக் கேள்வியை எலும்பு மருத்துவர் எவரும் அதுவரை எடுத்து ஆராயவில்லை என்பதை அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனிடமிருந்து அறிந்து, அதையே தம் வாழ்நாட்பணியாக ஏற்றுக்கொண்டார்.

அவர் கண்டறிந்த உண்மை இது: தொழுநோய்க் கிருமி விரலைத் தின்பதில்லை, குளிர்ச்சியான இடங்களை விரும்பும் அக்கிருமி, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில் குடியேறி அவற்றை அழிக்கிறது. நரம்பு அழிந்தபின் விரலை அழிப்பது நோயாளியின் அன்றாட வாழ்க்கையேயாகும். துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க முயன்று தம்மால் முடியாமல் நின்றிருந்தபோது, தொழுநோயாளியான ஒரு சிறுவன் முன்வந்து, சாவியைப் பற்றி ஒரே திருப்பில் திறந்துவிட்டதையும், பிறகு தரையில் சொட்டிய ரத்தத்தைக் கண்டு அவன் கையைப் பிரித்துப் பார்த்தபோது, சாவி கிழித்து விரலெலும்பு வெளியே தெரிந்ததையும், அவனோ ஒன்றும் அறியாமல் நின்றதையும் டாக்டர் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பலத்தினால் அல்ல, வலியின்மையினால் அந்தச் சிறுவன் பூட்டைத் திறந்தான். நாமெல்லாம் சாவியை விட்டுவிடும் இடத்தில் வலி நம்மை நிறுத்துகிறது. அவனை நிறுத்த ஒன்றும் இல்லை. இரவில் உறங்கும் நோயாளிகளின் விரல் நுனிகள் காலையில் காணாமற்போவதன் காரணத்தைத் தேடி விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பதும், உறங்குபவர் அசையாமல் கிடப்பதும் தெரிந்தன. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுக்கப்பட்டது.

பாதப்புண்ணைப் பற்றியும் அவரும் அவருடைய சகாக்களும் வேலூரிலும், 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் அதே பொறுமையோடு ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண், காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரவலாக்கியதும் சில வாரங்களில் ஆறியது; கட்டை அவிழ்த்துவிட்டுப் பழையபடி வெறுங்காலில் நடந்ததும் திரும்ப வந்தது. புண்ணுக்குத் தேவை களிம்பைவிட முதன்மையாகப் பாரம் நீங்குதல் என்று தெளிந்து, மிருதுவாகவும் அதே சமயம் அமுங்கித் தட்டையாகாமலும் இருக்கும் நுண்துளை ரப்பரைத் தயாரித்துச் செருப்புச் செய்தார்கள். இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அது நம் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 1966இல் டாக்டர் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் தாம் தமிழ்நாட்டில் கண்ட அதே புண்களை, அதே இடங்களில் கண்டார். நோய் வேறு, ஊமையான நரம்பு ஒன்றே. நம் நாட்டு ஏழைகளின் கால்களைக் காப்பாற்றக் கற்ற வித்தை இவ்விதமாகச் செல்வ நாடுகளின் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றப் போயிற்று. அந்த வித்தை பிறந்த மண்ணிலேயே நாம் அதைப் பயன்படுத்தாமல் கால்களை இழந்துகொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் அந்நோய் உண்டு என்றும் கணக்கிட்டது. அவர்களில் ஐவருக்கு ஒருவர் முதல் மூவருக்கு ஒருவர் வரை ஆயுட்காலத்தில் ஒருமுறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்பது உலகளாவிய மதிப்பீடு. சர்க்கரையினால் கால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு சிறு புண்ணில்தான் ஆரம்பித்திருக்கிறது. அந்தப் புண்ணோ, நம் பக்கத்தில், ஒரு முள்ளிலோ, ஆணியிலோ, சூடான வெந்நீரிலோ ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், உடைமுள் தைத்த காலோடு மூன்று நாள் காட்டுக்குப் போய் வந்திருக்கிறார். தேய்ந்த டயர்ச்செருப்பைத் துளைத்து உள்ளே நுழைந்த முள் செருப்போடு சேர்ந்தே இருந்ததால், அவர் செருப்பை மாட்டும் ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் தைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மாலையில், சிமிட்டித் தரையில் அவர் நடந்துபோன வழியில் வட்டவட்டமாக ஈரத்தடம் பதிந்திருப்பதை மருமகள் கண்டு, மாமாவின் காலைத் திருப்பிப் பார்த்தாள். முள்ளை உருவியபோதும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. அதே வாரத்தில் தகுந்த சிகிச்சை கிடைத்தமையால் கால் பிழைத்தது. அந்தப் பெண் தரையைக் கவனித்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

ஆதலின், நரம்பு செய்யத் தவறிய வேலையைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினமும் இரவில், வேலை முடிந்து கால் கழுவியபின், விளக்கு வெளிச்சத்தில் பாதத்தின் மேற்புறம், அடிப்புறம், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டலாம். கண்பார்வை மங்கியவர்களுக்குப் பேரன் பேத்தி பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், கறுத்த புள்ளி, ஓரிடத்தில் மட்டும் சூடு, கசிவு, துர்நாற்றம் ஆகிய இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும். செருப்பை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள். முழங்கையால் சோதியுங்கள், அல்லது வீட்டில் சீனி வியாதி இல்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எரிச்சலுக்காகத் தவிட்டு ஒத்தடமும் செங்கல் ஒத்தடமும் கொடுத்துக் காலைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், ஆணிக்கென்று கடையில் விற்கும் திராவகத் துண்டை ஒட்டுவதும் உங்களுக்கு ஆகாது. வறண்ட குதிகாலில் தேங்காயெண்ணெய் தடவுவது நல்லது. விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அவ்விடம் உலர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பணிவோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒற்றைக்காலில் தவமிருந்த கோமதியம்பாளின் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோயில் போகாத குடும்பம் நம் வட்டாரத்தில் அரிது. அங்கே கிடைக்கும் புற்றுமண்ணை நாம் பக்தியோடு பூசிக்கொள்கிறோம். அந்த பக்தியில் எனக்கும் பங்குண்டு. நெற்றியில் இடுங்கள்; ஆனால் திறந்த புண்ணில் எந்த மண்ணையும் வைக்காதீர்கள். மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கக்கூடும், அந்த ஜன்னியும் நரம்பைத் தாக்கி உயிரைக் குடிக்கும் ரோகமே. அவ்வாறே, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும்போதும், பூக்குழி இறங்க நேர்ந்துகொள்ளும்போதும், உச்சி வெயிலில் கோயிற் கற்றளத்தில் வெறுங்காலுடன் நிற்கும்போதும், உங்கள் பாதம் சூட்டை உணரும் பாதமா என்பதை முன்பே மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செருப்பணிந்து நடந்து வந்த பக்தனை முருகன் ஏற்க மறுப்பான் என்று நான் நம்பவில்லை.

பாதத்தோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. இதயத் துடிப்பையும், ரத்த அழுத்தத்தையும், இரைப்பையின் அசைவையும், சிறுநீர்ப்பையையும் நம் பிரக்ஞைக்கு எட்டாமலே நடத்திவரும் தானியங்கு நரம்புகளையும் சர்க்கரை தாக்குகிறது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கிறுகிறுப்பு வருவதும், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்து உப்பிக்கொள்வதும், நீர் பிரிந்தபின்னும் மீதி இருப்பதும் அதனால் நேரலாம். இவற்றிலெல்லாம் கொடியது, மாரடைப்பு வந்தும் நெஞ்சுவலி தெரியாமற்போவது. காரணமில்லாத திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, விளங்காத அசதி ஆகியவை சீனி வியாதிக்காரருக்கு வந்தால், வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

உடலிலிருந்து மூளைக்குச் செய்தி போவதுபோல் மூளையிலிருந்து உடலுக்கும் செய்தி வருகிறது. விதைத்தபின் மழை பொய்த்த வருஷத்தில், கடன்காரர் வாசலுக்கு வரும் கவலையில், உறக்கமற்ற இரவுகளில், மூளை அபாயம் என்று உணர்ந்து அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவற்றின் நீர் கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. புலியிடமிருந்து ஓடுபவனுக்கு அந்தச் சர்க்கரை உதவும். கடனை எண்ணிக் கயிற்றுக்கட்டிலில் புரள்பவனுக்கு அது நோயைத்தான் வளர்க்கும். மாத்திரை தவறாமல் உண்டும் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று வியப்பவர்கள், தங்கள் உறக்கத்தையும் கவலையையும் பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. பீடியும் சாராயமும் கவலையைப் போக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: புகை பாதத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, மது நரம்பையே நேராகக் கெடுக்கிறது.

காலை இழந்தபின்னும் மூளை அதை மறப்பதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று உலகப் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கை கால்கள் இன்னும் இருப்பதாகவே மூளை உணர்வதையும், இல்லாத அந்த அவயவத்தில் நோயாளி வலியால் துடிப்பதையும், ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியின் துணையால் சிலருக்கு அந்த வலி தணிவதையும் 1990களில் ஆராய்ந்து காட்டினார். சர்க்கரையினால் கால் இழந்தவர்களிலும் இவ்வலி வருவோர் உண்டு. உடலோடு இருந்த காலத்தில் முள் தைத்ததையும் உணராத கால், எடுத்துப் போட்டபின் மூளைக்குள் இருந்து வலிக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். காலை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நம் பக்கத்தில் சிலர் ஆறுதலாகச் சொல்வதுண்டு; அது உண்மையல்ல.

முன்னே குறிப்பிட்ட தொழுநோயை இன்று முழுமையாகக் குணப்படுத்த இலவச மருந்து உண்டு. ஆயினும் உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஆகவே, உடலில் எங்கேனும் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால், மறைக்காமல் காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் காட்டியவருக்குப் பெரும்பாலும் விரல் மடங்குவதில்லை.

பாதங்களைக் காப்பதற்குப் பெரும் செலவு தேவைப்படுவதில்லை. பாதத்தின் உணர்ச்சியை அறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும், அதிர்வை அறிய ஓர் இசைக்கவையும் போதும்; சோதனை ஐந்து நிமிஷத்தில் முடியும். நீரிழிவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறையேனும் இது செய்யப்பட வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தரும் சகோதரிகளிடம், பாதத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். நெடுங்காலமாக மெட்பார்மின் மாத்திரை உண்டு வருபவர்கள், பி12 சத்து குறைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் குறைவும் இதே மதமதப்பைத் தரும், அதைச் சரிசெய்வதோ எளிது. தீப்பெட்டி ஆபீசு நடத்துகின்ற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: குந்தியே வேலை செய்கின்ற பெண்களுக்கு மணிக்கொரு முறை எழுந்து நடக்க அனுமதியும், வேலைத்தளத்தில் குச்சியும் ஆணியும் குத்தாத செருப்பும் தருவது உங்கள் கடமை.

நோயாளி நாற்பது பேர் காத்திருக்க, மருத்துவர் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதிவிடுவதும், நாமும் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சங்கரன்கோயில் அரசு மருத்துவமனைக்கோ போகும்போது, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நீங்களே செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் அவர் முன் காட்டி, "இதையும் பாருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஊரவன்,
திருவேங்கடம்.